வார்த்தைக்குக் களிமண் எங்கே? ரில்கே, ரோதான், செசான்: ஒரு நிகழ்வு ஆய்வு

நவீன இலக்கியத்துக்கும் ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்சு வந்தால், உதாரணமாக முதலில் வந்து நிற்பது ஓர் ஓவியத்தைப் பார்த்து எழுதிய கவிதை. இல்லையென்றால் ஒரு கவிதைக்கு வரைந்த படம். அதுவும் உறவுதான். ஆனால் அங்கே கைமாறுவது கருப்பொருள் மட்டும். வாங்கிக்கொண்டவர் தன் பழைய பாணியிலேயே எழுதிவிட்டோ வரைந்துவிட்டோ போய்விடலாம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று: ஒரு சிற்பியோ ஓவியரோ அன்றாடம் வேலை செய்யும் முறை ஓர் எழுத்தாளருக்குள் இறங்கி, அவருடைய வாக்கியத்தையே மாற்றிவிடுவது.

இப்படி நடந்தது என்று சொல்லிவிடலாம், காட்டுவது கடினம். கடிதங்கள், தேதிகள், கவிதை எழுதப்பட்ட காலம் எல்லாம் தெரிந்திருந்தால்தான் முடியும். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரெய்னர் மரியா ரில்கேயின் விஷயத்தில் இவை எல்லாம் கிடைக்கின்றன. அதனால் 1902 முதல் 1908 வரை பாரிஸில் அவருக்கு நடந்ததைத் தனி நிகழ்வாக எடுத்துப் பார்க்கிறேன்.

எந்த நிலையில் வந்தார்

ரில்கே 1875-இல் பிராகில் பிறந்தவர். பாரிஸுக்கு வரும்போது வயது 26. அதற்கு முன்பே நிறைய எழுதியிருந்தார்; அளவுக்கு மீறி எழுதியிருந்தார் என்றும் சொல்லலாம். 'மணிநேர நூல்' என்று அறியப்படும் தொகுப்பின் முதல் பகுதி 1899 செப்டம்பர், அக்டோபரில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்தது. ஒரு துறவி கடவுளிடம் பேசுவது போன்ற கவிதைகள் அவை. அழகானவை, மிதப்பவை. ஒரு வரி அடுத்த வரியைத் தானாக இழுத்துக்கொண்டு போகும். எங்கே நிறுத்துவது என்று கவிஞருக்கே தெரியாதது போலிருக்கும்.

1900-இல் வட ஜெர்மனியின் வோர்ப்ஸ்வேட என்ற ஓவியர் குடியிருப்புக்குப் போனார். அங்கே இரண்டு இளம்பெண்களின் நட்பு கிடைத்தது: சிற்பி கிளாரா வெஸ்தோஃப், ஓவியர் பவுலா பெக்கர். இருவரும் அந்த ஆண்டின் முற்பகுதியைப் பாரிஸில் கழித்தவர்கள். கிளாரா பிரெஞ்சுச் சிற்பி ரோதானிடமே பயின்றவர். 1901-இல் ரில்கே கிளாராவை மணந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பெண் குழந்தை. அப்புறம் பணக் கஷ்டம். அவருக்குக் குடும்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுபோனது.

அவர் பாரிஸுக்குப் போனது கலைத் தாகத்தால் மட்டும் இல்லை. கலை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் மூதர் நடத்திய நூல் வரிசைக்கு ரோதானைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். அது சம்பளத்துக்கான எழுத்து வேலை. இலக்கிய வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். ஆனால் தாக்கம் ஏதோ காற்றில் மிதந்து வந்து சேர்வதில்லை, இப்படி ஒப்பந்தங்களின் வழியாகவும் திருமணங்களின் வழியாகவும்தான் வருகிறது. கிளாரா இல்லையென்றால் ரோதான் வீட்டுக் கதவு அவ்வளவு எளிதில் திறந்திருக்காது.

மியூதோன் தோட்டத்தில்

1902 செப்டம்பர் 1-ஆம் தேதி ரில்கே முதல்முறையாக ரோதானைச் சந்தித்தார். ரோதானுக்கு அப்போது வயது 61. மறுநாள் பாரிஸுக்கு வெளியே மியூதோனில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டுகள் குவிந்து கிடந்ததைக் கிளாராவுக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். கைகள், கால்கள், தலையில்லாத உடல்கள். அவரை உலுக்கியது அவற்றின் எண்ணிக்கை மட்டுமல்ல, ஒவ்வொரு துண்டும் தனக்குள் முழுமையாக இருந்ததுதான். இது ஒரு முழு உருவத்தின் பகுதி, மீதி எங்கே என்ற கேள்வியே எழவில்லை.

சில நாள் கழித்து ரோதானுக்கே ஒரு கடிதம் எழுதினார். நான் உங்களிடம் வந்தது புத்தகம் எழுத மட்டுமல்ல, எப்படி வாழ்வது என்று கேட்கத்தான். வேலை செய்துதான் என்று நீங்கள் பதில் சொன்னீர்கள் என்பது அதன் சாரம். உணர்ச்சிவசப்பட்ட இளைஞனின் கடிதம்தான், ஆனாலும் கேள்வி உண்மையானது. ரோதான் உத்வேகத்துக்காகக் காத்திருப்பவர் இல்லை. காலையில் எழுவார், களிமண்ணைக் கையில் எடுப்பார், மாலைவரை விடமாட்டார். கருப்பொருள் என்ன என்பதைவிட, வெளிச்சம் அந்தப் பரப்பின் மேல் எப்படி விழுகிறது, இந்த மேடு அடுத்த பள்ளத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதே அவர் கவலை.

சரி, ஒரு கவிஞர் இதை எப்படிப் பின்பற்றுவது? இங்கேதான் ரில்கேயின் சிக்கல் தொடங்குகிறது. 1903 ஆகஸ்டில் தோழி லூ ஆந்த்ரேயாஸ் சலோமேக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அதை நேராகவே எழுதுகிறார். தானும் பொருள்களைச் செய்ய வேண்டும். களிமண்ணால் அல்ல, எழுத்தால். தன் கலையின் மிகச் சிறிய அலகு எது என்று தேட வேண்டும் என்கிறார். சிற்பிக்குக் காலையில் எழுந்தால் தொடுவதற்கு ஒன்று இருக்கிறது. கவிஞருக்கு எது இருக்கிறது? மொழியா? பாரிஸில் தான் பார்த்த கிரிம் சகோதரர்களின் பெரிய அகராதியைக்கூட அந்தக் கடிதத்தில் ஒரு வழியாக நினைத்துப் பார்க்கிறார். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, அகராதியைக் களிமண் மூட்டையாகக் கற்பனை செய்வது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டதுமே அவர் பழைய ரில்கே இல்லை.

சிறுத்தை

பாரிஸின் தாவரப் பூங்காவில் விலங்குக் கூண்டுகள் இருந்தன. அங்கிருந்த சிறுத்தையைப் பற்றி அவர் எழுதிய 12 வரிக் கவிதை, இந்த ஆய்வின் முதல் தடயம். 1903-இல் அச்சில் வந்தது.

அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் நான்கு வரிகளில் கூண்டுக் கம்பிகள் கடந்து கடந்து போவதில் மிருகத்தின் பார்வை களைத்துவிடுகிறது. அடுத்த நான்கில் மிகச் சிறிய வட்டத்துக்குள் அது சுற்றும் நடை. நடுவில் மரத்துப்போய் நிற்கும் ஒரு பெரிய விருப்பம். கடைசி நான்கில் எப்போதாவது கண்மணியின் திரை விலகி ஒரு காட்சி உள்ளே நுழைகிறது, உடலின் இறுக்கமான மௌனத்தைக் கடந்து இதயத்தில் போய் இல்லாமல் ஆகிறது. அவ்வளவுதான். கவிஞர் எங்கும் 'நான்' என்று சொல்லவில்லை. ஐயோ பாவம் என்று பரிதாபப்படவில்லை. கடவுள் இல்லை. நம் வாழ்வும் இப்படித்தானே என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கும் ஆசையையும் அடக்கிவிட்டார்.

இது ரோதானிடம் கற்றதுதான் என்பது நம் ஊகம் அல்ல. 1926-இல், தன் கடைசி ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில் ரில்கே தானே சொல்கிறார்: ரோதானின் தாக்கத்தில், இயற்கையின் முன்னால் ஓவியரோ சிற்பியோ நிற்பதுபோல நின்று, விடாமல் பார்த்து வேலை செய்ய நேர்ந்தது, அந்தக் கண்டிப்பான பயிற்சியின் முதல் விளைவு இந்தக் கவிதை. இன்னொரு சிறு ஒற்றுமையும் உண்டு. இளம் வயதில் ரோதான், விலங்குச் சிற்பி பாரியிடம் பாடம் கேட்டதும் அதே பூங்காவைச் சேர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான். மிருகத்தை உட்கார்ந்து பார்த்துப் படிப்பது அங்கே ஏற்கெனவே ஒரு பழக்கம். கவிஞர் அந்த வகுப்பில் தாமதமாகச் சேர்ந்தார்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தக் கவிதை எந்தச் சிற்பத்தையும் பற்றியது அல்ல. ரோதானின் ஒரு படைப்பும் இதில் இல்லை. ஆனாலும் ரோதானின் தாக்கம் மிக ஆழமாக இருப்பது இதில்தான்.

சம்பளக்காரர்

1905 செப்டம்பரில் ரில்கே ரோதானின் செயலாளராக மியூதோனிலேயே தங்கினார். மாதம் 200 பிராங்க். காலையில் இரண்டு மணி நேரம் கடிதங்களைப் பார்த்தால் போதும் என்பது பேச்சு. அது போதவில்லை, கடிதங்கள் நாளையே விழுங்கின. 1906 மே மாதம், தனக்குத் தெரியாமல் தன் நண்பர்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார் என்று கோபப்பட்டு ரோதான் அவரை ஒரே நாளில் வெளியே அனுப்பினார். திருடிய வேலைக்காரனைப் போலத் துரத்தப்பட்டதாக ரில்கே எழுதினார்.

இந்த வெளியேற்றம் நடந்த சில வாரங்களில்தான் அவர் எழுத்து வேகம் எடுக்கிறது. இந்தக் காலத்தில் எழுதியவை 1907 இறுதியில் 'புதிய கவிதைகள்' முதல் தொகுப்பாக வந்தன. அடுத்த ஆண்டு இரண்டாம் தொகுப்பு. அதை ரோதானுக்கே காணிக்கையாக்கினார். ஆசிரியரின் முறையைக் கற்றுக்கொள்ள அவர் வீட்டில் இருப்பது உதவியது. அதைப் பயன்படுத்த அந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

இரண்டாம் தொகுப்பின் முதல் கவிதை, தலையும் கைகால்களும் இழந்த பழைய அப்பல்லோ சிலை ஒன்றைப் பற்றியது. இது சிலையைப் பற்றிய கவிதை என்பதால் இலக்கியமும் சிற்பமும் என்ற தலைப்பில் எல்லோரும் காட்டும் உதாரணம். ஆனால் அந்தக் கவிதையின் அடித்தளம் மியூதோனின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கிறது: துண்டு என்பது குறை அல்ல. தலை இல்லை, கண் இல்லை. ஆனால் அந்த மார்பு பார்க்கிறது. உன்னைப் பார்க்காத இடம் அந்தச் சிலையில் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டு, நீ உன் வாழ்க்கையை மாற்றியாக வேண்டும் என்று சட்டென்று முடிகிறது. சிறுத்தைக் கவிதையில் அடக்கிய வரியை இங்கே அவிழ்த்துவிட்டார் என்று தோன்றும். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ரோதானின் மாணவர் என்று பார்த்தால் சிறுத்தைக்குத்தான் என் வாக்கு.

தேதிச் சிக்கல்: நீலம் எப்போது வந்தது?

பிரெஞ்சு ஓவியர் செசான் 1906 அக்டோபரில் இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருக்கு நினைவுக் காட்சி வைத்தார்கள். எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமுமாக 56 படைப்புகள், கிராண்ட் பாலே என்ற கண்காட்சி மண்டபத்தில். ரில்கே ஏறக்குறைய தினமும் போனார். பார்த்ததை வோர்ப்ஸ்வேட பக்கம் இருந்த கிளாராவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் நமக்கு இந்தக் கடிதங்கள் கிடைத்திருக்காது. சாப்பாட்டு மேசையில் பேசி முடித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் வழக்கமான கதை ஒன்று உண்டு. ரோதான் ரில்கேக்கு உருவத்தைக் கொடுத்தார், செசான் வண்ணத்தைக் கொடுத்தார் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. அதற்குச் சாட்சியாக 'நீல ஹைட்ரேஞ்சியா' என்ற சானெட்டை, அதாவது 14 வரிக் கவிதையை, காட்டுவார்கள். வண்ணக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக் காய்ந்த கடைசிப் பச்சையைப் போன்ற இலைகள். பழைய கடிதத் தாளில் வெளிறிப்போன நீலம், அதில் மஞ்சளும் ஊதாவும் சாம்பலும். துவைத்துத் துவைத்து நிறம் போன குழந்தையின் மேலாடை. பூவைவிட நிறத்தைப் பற்றியே கவிதை பேசுகிறது. செசான் வாசனை அடிக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தக் கவிதை எழுதப்பட்டது 1906 ஜூலையில். அந்தக் கண்காட்சிக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால். முதல் தொகுப்பு முழுவதுமே 1907 அக்டோபரில் மெய்ப்புத் திருத்தும் கட்டத்தில் இருந்தது.

அப்படியானால் செசான் எதைக் கொடுத்தார்? ரில்கேயே அக்டோபர் 18-ஆம் தேதிக் கடிதத்தில் பதில் வைத்திருக்கிறார். இந்த ஓவியங்களில் இருக்கும் திருப்பத்தைத் தன்னால் அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம், தன் வேலையிலும் அதே திருப்பத்தை அப்போதுதான் எட்டியிருந்தது, அல்லது அதன் அருகில் வந்திருந்தது என்கிறார். தாக்கம் என்பதை எப்போதும் முன்னால் இருப்பவர் கொடுக்க, பின்னால் வருபவர் வாங்குவது என்றே நினைத்துக்கொள்கிறோம். இங்கே நடந்தது வேறு. தான் தடவித் தடவிச் செய்துகொண்டிருந்ததை இன்னொருவர் வேறு ஊடகத்தில் முழுதாகச் செய்துமுடித்து வைத்திருப்பதை ஒருவர் காண்கிறார். அதனால் கிடைப்பது துணிச்சல். எதை எழுதுவது என்பதைவிட, எதை விட்டுவிடலாம் என்ற துணிச்சல்.

அக்டோபர் 13-ஆம் தேதிக் கடிதத்தில் அது தெளிவாக வருகிறது. மற்ற ஓவியர்கள் 'இதை நான் நேசிக்கிறேன்' என்று வரைகிறார்கள், 'இதோ இது' என்று வரைவதில்லை. நேசம் வேலைக்குள் கரைந்து காணாமல் போக வேண்டும். அதைத் தனியாக எடுத்துக் காட்டினால் படம் கெட்டுவிடும். செசானின் ஆப்பிள்களில் நேசம் இருக்கிறது, ஆனால் எங்கே என்று சுட்ட முடியாது. கவிதை எழுதும் யாரும் சுவரில் ஒட்டிவைக்கலாம் இந்தக் கடிதத்தை.

இன்னொரு கடிதத்தில் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் வருகிறார். தெருவோரம் அழுகிக் கிடக்கும் பிணத்தைப் பற்றிய போதலேரின் கவிதை இல்லாமல், செசானிடம் தான் காணும் இந்தப் புறவயமான சொல்முறை தொடங்கியே இருக்க முடியாது என்கிறார் ரில்கே. செசான் தன் கடைசி ஆண்டுகளில் அந்தக் கவிதையை முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தார். ரோதானும் போதலேரில் ஊறியவர். 1880-களில் அவருடைய கவிதைத் தொகுப்பின் ஒரு பிரதிக்குப் படங்கள் வரைந்தவர். ஆக, ரில்கே சிற்பியிடமும் ஓவியரிடமும் கற்றுக்கொண்டதாகச் சொல்வதில் ஒரு பங்கு ஏற்கெனவே கவிதையிலிருந்து அங்கே போனது. கவிதை சிற்பக்கூடத்துக்குள் போய், வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது.

யார் கண்ணால் பார்த்தார்?

இந்த நிகழ்வைப் பற்றிய எழுத்துகளில் எனக்கு ஒரு குறை உண்டு. ரோதான், செசான் என்று இரண்டு பெரிய பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கடிதங்களையும் கவிதைகளையும் வைத்துப் பார்த்தால், ரில்கேக்கு எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் அவர் பக்கத்தில் நின்ற பெண் ஓவியர்கள்.

மத்தில்டே ஃபோல்மோலர் என்ற ஓவியரோடு ஒருநாள் கண்காட்சிக்குப் போனார். அவர் சொன்னதை அக்டோபர் 12-ஆம் தேதிக் கடிதத்தில் அப்படியே பதிவுசெய்கிறார். செசான் பொருளின் முன்னால் ஒரு நாயைப் போல உட்கார்ந்து சும்மா பார்த்தார், பதற்றமில்லை, வேறு நோக்கமில்லை என்றார் அவர். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: தராசில் வைத்தது போல இருக்கிறது, ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் வண்ணம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓவியம் வரைபவர் பார்க்கும் விதம் இது. வெளியாள் ஆப்பிளைப் பார்ப்பார், அல்லது ஆப்பிளின் 'அர்த்தத்தை'. எவ்வளவு வண்ணம் போட்டால் அந்த ஆப்பிளின் எடை வரும் என்று பார்ப்பது தொழில் தெரிந்த கண்.

பவுலா பெக்கர் இன்னும் முக்கியம். திருமணத்துக்குப் பின் பவுலா மோடர்ஸோன் பெக்கர். 1900-இலேயே பாரிஸில் வொல்லார் என்ற வணிகரின் கடையில் செசானைக் கண்டுபிடித்து, கிளாராவையும் அழைத்துக்கொண்டுபோய்க் காட்டியவர். அதாவது ரில்கே செசானிடம் வந்து சேர்வதற்கு ஏழு ஆண்டு முன்பே அவர் மனைவியும் தோழியும் அங்கே போய்விட்டார்கள். 1907 அக்டோபரில் கண்காட்சிச் செய்தி கேட்டதும் பவுலா கிளாராவுக்கு எழுதினார்: தன்னை இடியோடு கூடிய மழையைப் போல உலுக்கிய மூன்று நான்கு ஓவியர்களில் செசான் ஒருவர், வொல்லார் கடையில் பார்த்தது நினைவிருக்கிறதா?

அடுத்த மாதம், நவம்பர் 20-ஆம் தேதி, பிரசவம் முடிந்த சில நாட்களில் பவுலா இறந்துபோனார். வயது 31.

ரில்கே அவரை ஓவியராக எந்த அளவு மதித்தார்? வோர்ப்ஸ்வேட ஓவியர்களைப் பற்றி அவர் எழுதி 1903-இல் வெளியான நூலில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐவரும் ஆண்கள். பவுலாவும் இல்லை, கிளாராவும் இல்லை. 1906-இல் பவுலா அவருடைய உருவப்படத்தை வரையத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. உயிரோடு இருந்தவரை பவுலாவின் வேலையை ரில்கே பாதிதான் பார்த்தார் என்று சொன்னால் அநியாயமாக இருக்காது.

1908 அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலுமாக மூன்று நாட்களில் பவுலாவுக்காக ஒரு நீண்ட இரங்கற்பா எழுதினார். அதில் ஓர் இடம்: நீ பழங்களைப் புரிந்துகொண்டாய், அவற்றைத் தட்டுகளில் உன் முன்னால் வைத்து, அவற்றின் பாரத்தை வண்ணங்களால் எடைபோட்டாய். இன்னும் கொஞ்ச தூரத்தில், பவுலா கண்ணாடியின் முன் நின்று தன்னையே வரைந்ததைப் பற்றி: இது நான் என்று நீ சொல்லவில்லை, இது இருக்கிறது என்றாய்.

முதலாவது மத்தில்டே சொன்ன தராசு. இரண்டாவது, செசானைப் பற்றி ரில்கே கிளாராவுக்கு எழுதிய 'இதோ இது'. ஓராண்டுக்கு முன் செசானுக்குச் சூட்டிய அதே பாராட்டை, செசானை அவருக்கு முன்பே கண்டுகொண்ட பெண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்காட்சிப் பேச்சு கடிதமாகி, கடிதம் கவிதையாகும் பாதை இவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் இடம் நவீன இலக்கியத்தில் அரிது. கவிதையின் தலைப்பில் 'ஒரு தோழிக்கு' என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

செசான் கடிதங்கள் தனி நூலாக வந்தது 1952-இல். பதிப்பித்தவர் கிளாரா.

எதிர்த் திசையில்

கவிஞர் திருப்பிக் கொடுத்தது என்ன? ரோதானின் சிற்பத்தில் ரில்கேயால் எந்த மாற்றமும் வந்ததாக நான் காணவில்லை. ரோதானுக்கு இலக்கியத்தின் தாக்கம் ஏற்கெனவே வேறு இடத்திலிருந்து வந்துவிட்டது. 1880-இல் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கிய 'நரகத்தின் வாசல்' இத்தாலியக் கவிஞர் தாந்தேயிடமிருந்து வந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த 'சிந்தனையாளர்' அந்த வாசலின் மேலே உட்கார்ந்திருந்த தாந்தேதான். எழுத்தாளர் சங்கம் கேட்ட, நாவலாசிரியர் பால்சாக்கின் சிலையை 1891-இல் ஒப்புக்கொண்டு ஏழு ஆண்டு உழைத்தார். 1898-இல் சங்கம் அது வேண்டாம் என்றது.

ரில்கே கொடுத்தது வேறு வகை. ஒன்று, ஜெர்மன் வாசகர்களுக்கு ரோதானைப் பற்றி ஒரு நல்ல நூல். இன்னொன்று ஒரு வீடு. பாரிஸில் பாழடைந்து கிடந்த பிரோன் மாளிகையில் கிளாரா அறை எடுத்திருந்தார். 1908 ஆகஸ்ட் கடைசியில் ரில்கே அந்த அறைகளுக்கு மாறி, வந்து பாருங்கள் என்று ரோதானுக்கு எழுதினார். ரோதான் வந்தார், கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார், விடவே இல்லை. 1916-இல் தன் படைப்புகளை அரசுக்குக் கொடுத்தார்; 1919-இல் அந்த மாளிகையே ரோதான் அருங்காட்சியகமாகத் திறந்தது. கலைகளுக்கிடையிலான உறவு என்ற தலைப்பில் இப்படி வாடகை அறைத் தகவல் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

பிற்காலத்தில் இன்னும் நேரடியான ஒரு கை கொடுத்தார். தோழி பலாதின் குளோசோவ்ஸ்காவின் மகன், சிறுவன் பால்துஸ், தொலைந்துபோன ஒரு பூனையின் கதையை 40 படங்களில் வரைந்திருந்தான். ரில்கே அதற்குப் பிரெஞ்சில் முன்னுரை எழுதி 1921-இல் நூலாக வர வழிசெய்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற ஓவியர்களில் ஒருவரானான்.

முறை எங்கே நின்றுபோனது

தினமும் வேலை செய் என்ற ரோதானின் பாடம் ரில்கேக்கு நிரந்தரமாகக் கைவந்ததா? இல்லை. 'புதிய கவிதைகள்' காலத்தில் மட்டும் ஓரளவு. 1910-இல் 'மால்தே' நாவலை முடித்தபின் நீண்ட வறட்சி. 1914 ஜூனில் எழுதிய ஒரு கவிதையில், கண்ணின் வேலை முடிந்தது, இனி இதயத்தின் வேலையைச் செய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 1922 பிப்ரவரியில், பாதியில் நின்றிருந்த 'துயினோ எலிஜிகள்' என்ற நீண்ட கவிதை வரிசையின் மீதியும் ஆர்ஃபியஸ் சானெட்டுகளும் சில வாரங்களுக்குள் பொங்கி வந்தன, 1899-இல் போலவே. கவிஞருக்குக் கடைசிவரை களிமண் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கிடைத்தது ஒரு கண். அது 1899-இல் அவரிடம் இல்லை.

ஐந்தாம் எலிஜியில் அந்த வித்தியாசம் தெரிகிறது. 1915-இல் ம்யூனிக்கில் எழுத்தாளர் ஹெர்தா கோனிக்கின் வீட்டில் சில மாதம் தங்கினார். அந்த வீட்டுச் சுவரில் பிக்காசோவின் பெரிய ஓவியம் ஒன்று, கழைக்கூத்தாடிக் குடும்பத்தைப் பற்றி 1905-இல் வரைந்தது. இன்று வாஷிங்டனில் இருக்கிறது. ஆறு பேர், பொட்டல் வெளி. யாரும் வித்தை காட்டவில்லை. சும்மா நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதும் இல்லை. ஏழு ஆண்டு கழித்து எழுதிய எலிஜியில் அதே ஆட்கள் தேய்ந்துபோன கம்பளத்தின் மேல் குதிக்கிறார்கள், விழுகிறார்கள், மறுபடி குதிக்கிறார்கள். அந்த அசைவு பிக்காசோவிடம் கிடையாது. அது பாரிஸ் தெருவில் ரில்கே 1907-இல் பார்த்த ஒரு கழைக்கூத்தாடிக் கூட்டத்திடமிருந்து வந்தது. நிற்கும் நிலையை ஓவியத்திலிருந்தும் துள்ளலைத் தெருவிலிருந்தும் எடுத்து, இரண்டையும் தைத்துவிட்டார்.

அதோடு அந்தக் கவிதை ஒரு கேள்வியில் தொடங்குகிறது: இவர்கள் யார், சொல், நம்மைவிடவும் நிலையற்று அலையும் இவர்கள்? சிறுத்தையை எழுதியவர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, கம்பளத்திலிருந்து தொடங்கியிருப்பார்.